உடம்பு சூடு என்று சொன்னேன்

ஜெல் நகம் தூக்கிக்கொண்டு வருகிறது என்று யாராவது திரும்பி வந்தால், முதலில் அவர்கள் உள்ளங்கையைத்தான் தொட்டுப் பார்ப்பேன். வைத்தியர் தோரணையில் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, "உங்களுக்கு உடம்பு சூடு மேடம். அதான் ஜெல் நிக்க மாட்டேங்குது" என்பேன். நம் ஊரில் இந்தக் காரணத்தை எதிர்த்துப் பேசுகிறவர் கிடையாது. கண் எரிந்தால் சூடு, பரு வந்தால் சூடு, முடி கொட்டினால் சூடு. நகத்துக்கும் அதேதான் என்றால் தலையாட்டிவிடுவார்கள். சிலர் அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள்: "ஆமாம்மா, வெந்தயம் ஊறவெச்சுக் குடின்னு எங்க அம்மாவும் சொல்லிட்டேதான் இருக்காங்க." நானும், "குடிங்க மேடம், நல்லது" என்பேன். ரீஃபில்லுக்கான காசை வாங்கிக் கல்லாவில் போடுவேன்.

அது பொய். தொழிலுக்கு வந்த புதிதில் தெரியாமல் சொல்லியிருக்கலாம். பார்லரில் எனக்கு மூத்தவர்கள் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனால் சொந்தமாக அண்ணா நகரில் ஒரு மாடியில் இரண்டு மேசை போட்டு உட்கார்ந்த பிறகு, ஜெல் ஏன் பெயர்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். கையெல்லாம் வேர்த்துக்கொண்டே இருக்கிற சிலருக்கு ஜெல் பிடிக்கச் சிரமம் உண்டு, உண்மைதான். நான் சூடு என்று சொல்லி அனுப்பிய கைகள் அந்தக் கைகள் இல்லை.

எனக்கு ஒரு பெயர் இருந்தது. டிப் ஒட்டுகிற ஆள் இல்லை, ஃபார்மில் கட்டுகிற ஆள் என்று. பிளாஸ்டிக் டிப்பைப் பசை போட்டு ஒட்டி நீட்டுவது ஒரு வகை. நகத்தின் அடியில் ஃபார்ம் என்கிற கட்டம் போட்ட ஒட்டுத்தாள் ஒன்றைப் பொருத்தி, அதன் மேல் ஜெல்லை வைத்து, இல்லாத நகத்தை உண்டாக்குவது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் ஸ்கல்ப்டிங் என்கிறோம். அந்தத் தாளைப் பொருத்துவதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஒவ்வொரு விரலுக்கும் நகத்தடி வேறு வளைவு. அதற்கேற்பக் கத்தரியால் தாளின் வாயை வெட்டிக்கொள்ள வேண்டும். நகத்துக்கும் தாளுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஜெல் அதில் இறங்கி நகக்கண்ணில் போய் உட்காரும். அதிகமாக உள்ளே தள்ளினால் வலிக்கும், நகத்தடித் தோல் பிரிந்துவிடும். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் நகம் போகிற போக்கிலேயே தாளும் போக வேண்டும். கொஞ்சம் தாழ்ந்தாலும் முடித்த நகம் கீழே வளைந்து தொங்கும்.

பிறகு பேஸ் ஜெல்லை மெல்லிசாகத் தேய்த்து லேம்ப். அடுத்தது பில்டர் ஜெல். ஓர் உருண்டை எடுத்து நகத்தின் நடுவில் வைத்து, பிரஷ் நகத்தில் படாமல், ஜெல்லின் மேல்மட்டத்தை மட்டும் தொட்டு இழுத்துக்கொண்டு போக வேண்டும். அழுத்தினால் கோடு விழும். ஜெல் தானே சமமாகும் குணம் உள்ளது, கொஞ்சம் பொறுத்தால் அதுவே இறங்கிப் படியும். படிந்ததும் வாடிக்கையாளரின் கையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிப்பேன். ஜெல் எடை தாங்காமல் நடுவில் திரளும். அந்த மேடுதான் அபெக்ஸ். சொந்த நகம் சதையை விட்டுப் பிரிகிற இடம்தான் இடி வாங்குகிற இடம். அந்த மேடு அதற்கு மேல் நிற்க வேண்டும், நுனிக்குப் போகப் போக மெலிய வேண்டும். சரியாக நிற்கும் கணத்தில் கையைத் திருப்பி லேம்புக்குள் பத்து விநாடி காட்டி உறைய வைக்க வேண்டும். பாதி இறுகியிருக்கும்போதே இரண்டு பக்கமும் விரலால் அழுத்தினால் முன்பக்கம் வளைவு கூடும். முழுக்க இறுகியபின் அழுத்தினால் வளைவு கூடாது, முன்னாடியே அழுத்தினால் வளைவு நிற்காது. முடித்த நகத்தைக் குழல்விளக்குக்குக் கீழே பிடித்தால், மேலே விழுகிற வெளிச்சக் கோடு எங்கும் நெளியாமல் நேராக ஓட வேண்டும். என் நகங்களில் ஓடும். போட்டோ எடுத்துப் போட்டால் மற்ற ஊர் டெக்னீஷியன்கள் கேட்டு எழுதுவார்கள்.

இந்தத் திறமைதான் என்னைக் கெடுத்தது. மேலே இவ்வளவு அழகாகக் கட்டத் தெரிந்தவளுக்கு அடியில் குறை வைக்கிறோம் என்ற உறுத்தலே இல்லாமல் போய்விட்டது.

அடியில் என்றால் ப்ரெப். ஜெல் வைப்பதற்கு முன்னால் நகத்தைத் தயார்செய்வது. நகத்தின் வேர்ப்பக்கத் தோலைப் பின்னுக்குத் தள்ளினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தோலிலிருந்து நகத்தின் மேல் ஒரு செத்த படலம் ஊர்ந்து வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் உண்மையான க்யூட்டிக்கிள். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. நகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மங்கலாக, பொருக்கு மாதிரித் தெரியும். ஓரங்களில், பக்கச் சுவர் மடிப்பில் இன்னும் அதிகம். அதைச் சுரண்டி எடுக்காமல் ஜெல் வைத்தால், ஜெல் அந்தப் படலத்தைத்தான் பிடித்துக்கொள்ளும், நகத்தை அல்ல. படலம் உரியும்போது ஜெல்லும் உரியும். பெயர்ந்த சுண்ணாம்பைச் சுரண்டாமல் சுவருக்கு பெயின்ட் அடிக்கிற கதை. பத்து விரலுக்கும் இதை ஒழுங்காகச் செய்ய இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும். வாடிக்கையாளர் பார்வைக்கு அந்த நேரத்தில் எதுவுமே நடக்காது. போரடித்து போனை எடுப்பார்கள், "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்பார்கள். நான் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு உருண்டையை எடுத்துவிடுவேன். அங்கிருந்துதான் அவர்கள் வீடியோ எடுக்கத் தொடங்குவார்கள்.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. எக்ஸ்டென்ஷன் போட்டால் மேனிக்யூர் இலவசம் என்று ஒரு காம்போ வைத்திருந்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பூ போட்டு, ரோஜா இதழ் மிதக்கவிட்டு, கையை ஊறவைத்து, கிரீம் தேய்த்து மசாஜ் செய்து, பிறகு ஜெல். நகம் தண்ணீரை உறிஞ்சும், உறிஞ்சினால் விரியும், வளையும். அந்த நிலையில் மேலே ஜெல்லை இறுக்கிவிட்டால், வீட்டுக்குப் போனபின் நகம் உலர்ந்து பழைய வடிவுக்குத் திரும்பும், ஜெல் திரும்பாது. இரண்டுக்கும் நடுவில் பிளவு விழும். தொழில் தெரிந்தவர்கள் ஜெல்லுக்கு முன்னால் கையை நனைக்கவே மாட்டார்கள். எனக்கும் தெரியும். காம்போ நன்றாக ஓடியது, அதனால் விட்டுவிட்டேன். மணப்பெண்கள் மருதாணி சிவக்க வேண்டும் என்று நீலகிரித் தைலம் தடவிய கையோடு வருவார்கள். எண்ணெய் இருக்கும் நகத்தில் எதுவும் ஒட்டாது, எண்ணெய் எடுக்கும் டீஹைட்ரேட்டரால் இரண்டு முறையாவது துடைக்க வேண்டும். வாசலில் அடுத்த பெண் காத்திருப்பாள். ஒரு முறை துடைப்பேன்.

வைகாசி, ஆவணி, தை. நகம் செய்கிறவளுக்கும் முகூர்த்த மாதங்கள்தான் அறுவடை. அந்த நாட்களில் கை ஓடுகிற வேகத்தில் ஜெல் வேர்ப்பக்கத் தோலில் வழியும், பக்க மடிப்பில் இறங்கும். லேம்பில் வைப்பதற்கு முன்னால் ஆரஞ்சுக் குச்சியால் அதை வழித்து எடுத்தாக வேண்டும். தோலின் மேல் இறுகிய ஜெல் இரண்டு நாளில் தோலோடு அசைந்து தூக்கும், அந்த இடுக்கில் தண்ணீர் போகும். நம் பெண்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை கையை நனைக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அரிசி களைவது, பாத்திரம், துணி, வாசல் தெளிப்பது. உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. அந்த ஈரத்தில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தால் நகம் பச்சையாகக் கறைபடும். பூஞ்சை என்று பலர் நினைப்பார்கள், பூஞ்சை இல்லை. ஜெல்லை முழுக்க எடுத்துவிட்டு நகத்தை உலரவிட வேண்டும், மேலே எதுவும் போடக்கூடாது, தேவையானால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ஒரு கல்யாணப் பெண் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மோதிர விரலில் அந்தப் பச்சையோடு வந்தாள். "இது என்னக்கா?" என்றாள். "டாப் கோட் ரியாக்‌ஷன்மா, ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, தூக்கியிருந்த இடத்தை மட்டும் ராவிவிட்டு, மேலே கெட்டி மெரூன் அடித்து அனுப்பினேன். முகூர்த்தப் புடவைக்கு மெரூன் நன்றாகப் பொருந்துகிறது என்று அவள் அம்மா வேறு பாராட்டினார்.

ஜெல் தூக்குவதற்கு என் கைதான் காரணம் என்று ஒத்துக்கொள்ளாததால், வேறு வழியில் ஒட்டவைக்கப் பார்த்தேன். ராவுவதைக் கூட்டினேன். ஜெல் பிடிக்க நகத்தின் பளபளப்பை 180 அல்லது 240 நம்பர் ஃபைலால் இலேசாக எடுத்தால் போதும். நான் மெஷினை எடுத்தேன். நகம் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள பொருள். அதில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே போனால் என்ன மிஞ்சும்? மெஷின் பிட்டைச் சாய்த்துப் பிடித்தால் வேருக்குப் பக்கத்தில் பிறை வடிவில் ஒரு பள்ளம் விழும், அதில் சிவப்பு தெரியும். அந்த நகம் வளர்ந்து வெளியேறும்வரை அந்தச் சிவப்புக் கோடு நகத்தோடு பயணம் போகும். மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர்தான் விரல் நகம் வளரும். ஒரு நகம் முழுக்கப் புதிதாக வர ஆறு மாதம். நான் பத்து நிமிடத்தில் செய்ததைச் சரிசெய்ய அந்த உடம்புக்கு அவ்வளவு நாள் தேவை.

வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அக்கா மாதந்தவறாமல் வருவார். ரொம்பக் கலகலப்பு. ஒருநாள் ஃபார்மைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்: "இப்பல்லாம் சூடான சோத்துல கை வெக்க முடியலம்மா. ஸ்பூன்லதான் சாப்பிடறேன். ஆபீஸ்ல கேலி பண்றாங்க." எனக்குச் சுருக்கென்றது. நகம் அந்த அளவுக்கு மெலிந்திருந்தால்தான் அடியில் உள்ள சதை சூட்டை உணரும். ரசம் சாதத்தைப் பிசைய முடியாத விரலை அவருக்கு நான்தான் கொடுத்திருக்கிறேன். "கால்சியம் கம்மியா இருக்கும்கா, டெஸ்ட் எடுங்க" என்றேன். எடுத்தார். எண்ணூறோ என்னவோ செலவு ஆனதாகச் சொன்னார், ரிப்போர்ட் சரியாக இருந்தது. அடுத்த மாதமும் வந்தார்.

மெலிந்த நகத்தில் இன்னொன்றும் நடக்கும். லேம்பின் ஒளி பட்டதும் ஜெல்லின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டிப்படும். அப்போது வெப்பம் வெளிப்படும். ஜெல் எவ்வளவு தடிமனோ அவ்வளவு வெப்பம். நல்ல நகம் அதைத் தாங்கும். ராவி ராவி மெலிந்த நகத்தில் ஊசி குத்தியது மாதிரி இருக்கும், கையை வெடுக்கென்று வெளியே இழுப்பார்கள். மெல்லிய அடுக்குகளாக வைத்தால், முதலில் குறைந்த ஒளியில் காட்டினால் இது வராது. இரண்டு மூன்று அடுக்கு என்றால் நேரம் போகும், ஒரே உருண்டையில் முடித்தால் பதினைந்து நிமிடம் மிச்சம். "பொறுத்துக்கோங்க மேடம், உங்களுக்குச் சூடு உடம்பு இல்லையா, அப்படித்தான் இருக்கும்." பாருங்கள், அங்கேயும் அதே பொய் எனக்குக் கைகொடுத்தது.

அவர்கள் கையை இழுத்ததால் இன்னொரு கேடு. தேவையான நேரம் ஒளி படாத ஜெல் மேலே இறுகியிருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். வெளியே தட்டிப் பார்த்தால் கல்லு. யாருக்கும் சந்தேகம் வராது. இந்த இடத்தில்தான் என் குற்றம் நகத்தை விட்டு ஆளைத் தொட்டது.

நான் பயிற்சி பெற்ற காலத்து லேம்ப் என்னிடம் இருந்தது, நான்கு ஒன்பது வாட் குழல் போட்ட பெட்டி. குழல்களை மாற்றியதே இல்லை. நீலமாக எரிகிறதே, எதற்கு மாற்ற வேண்டும் என்று இருந்துவிட்டேன். கண்ணுக்குத் தெரிகிற நீலம் வேறு, ஜெல்லைக் கெட்டியாக்கும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வேறு. குழல் பழசாகப் பழசாக இரண்டாவது குறைந்துகொண்டே போகும், முதலாவது பார்வைக்கு அப்படியே இருக்கும். அதோடு, ஒவ்வொரு ஜெல்லிலும் ஒளியை வாங்கி வேலையைத் தொடங்கிவைக்கிற ஒரு பொருள் உண்டு. அது எந்த அலைநீளத்துக்கு விழிக்குமோ அந்த அலைநீளத்தை லேம்ப் தர வேண்டும். குழல் லேம்புகள் பெரும்பாலும் 365 நானோமீட்டர் பக்கம், எல்.இ.டி. லேம்புகள் 395, 405 பக்கம். அதனால்தான் ஜெல்லையும் அதற்கென்று சொன்ன லேம்பையும் ஜோடியாக வாங்கச் சொல்கிறார்கள். நான் விலை குறைவு என்று பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடையில் டப்பா டப்பாவாக ஜெல் வாங்கினேன். மூடியில் ஒரு பூப்படம், அதற்கு மேல் ஒரு விவரமும் இல்லை. அதைப் பழைய குழலுக்கு அடியில் வைத்தேன்.

ஒரு பெண், கல்லூரி முடித்தவள், தொடர்ந்து என்னிடம் செய்துகொண்டிருந்தாள். விரல் நுனி அரிக்கிறது, தோல் வெடிக்கிறது என்றாள். "வீட்ல என்ன சோப்பு பாத்திரத்துக்கு?" என்று கேட்டேன். அவள் ஏதோ பெயர் சொன்னாள். "அதான்" என்றேன். அடுத்த முறை கண் இமை வீங்கியிருந்தது. காஜல் அலர்ஜி என்று அவளே நினைத்துக்கொண்டிருந்தாள், நான் திருத்தவில்லை. அதற்கடுத்த முறை அவள் வரவில்லை. அவளுடைய அக்கா வந்தார். பல் டாக்டர்.

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஜெல் டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது எத்தனை நானோமீட்டர்ல க்யூர் ஆகும்?" என்றார். தெரியவில்லை. "டியூப் எப்ப மாத்தினீங்க?" பதில் இல்லை. "ஒரு லேயர் எவ்வளவு தடிமன் வெப்பீங்க?" நான் விரலால் காட்டினேன். அவர் சொன்னார்: "பல்லு அடைக்கும்போது நாங்களும் லைட்டுலதாம்மா இறுக வெக்கறோம். சாதாரண ஃபில்லிங்னா ஒரு தடவைக்கு ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல வெக்க மாட்டோம். லைட் அடி வரைக்கும் போகாது. இறுகாம உள்ள தங்கினது தோல்ல பட்டுட்டே இருந்தா அலர்ஜி வரும்னு எங்களுக்குக் காலேஜ்லயே சொல்லிக் குடுத்துடுவாங்க."

தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் எடுத்திருந்தார், மெத்தாக்ரிலேட் என்று வந்திருக்கிறது. விரலில் பட்டது கண்ணைத் தேய்க்கும்போது இமையின் மெல்லிய தோலுக்குப் போயிருக்கிறது. இந்த அலர்ஜி ஒருமுறை வந்தால் பொதுவாகப் போகாது. பல் அடைக்கும் பொருள், எலும்பு மூட்டு மாற்றும்போது பயன்படும் சிமென்ட் எல்லாம் இதே குடும்பம். "இனிமே இவளுக்கு ஒரு பல்லு சொத்தைன்னா நானே யோசிச்சுத்தான் கை வெக்கணும்" என்றார். அந்தப் பெண்ணுக்கு இருபத்துச் சொச்சம் வயது.

பல் வைத்தியத்துக்கும் எங்கள் தொழிலுக்கும் உறவு பழையது. 1954இல் அமெரிக்காவில் ஃபிரெட் ஸ்லாக் என்ற பல் மருத்துவர் தன் நகம் உடைந்தபோது, கையில் இருந்த பல் அக்ரிலிக்கை வைத்து அதைச் சரிசெய்துகொண்டதுதான் இன்றைய செயற்கை நகங்களின் தொடக்கம் என்பார்கள். பொருளை அங்கிருந்து எடுத்துக்கொண்டோம், அதைக் கையாளும் ஒழுக்கத்தை அங்கேயே விட்டுவிட்டோம். எல்லோரையும் சேர்த்துச் சொல்வது நியாயமில்லை. நான் விட்டுவிட்டேன்.

ஒன்றுமே அறியாதவள் போல அவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதுவும் நடிப்புதான். ஏனென்றால் என் இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதற்கு முன்பே வெடித்திருந்தன. பிரஷ் நுனி பிரிந்தால் விரலாலேயே கூராக்கிக்கொள்கிற பழக்கம் எனக்கு. இறுகாத ஜெல் அந்த இரண்டு விரலில்தான் நாள் முழுக்க. இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பேன், காலையில் பிளாஸ்திரி சுற்றிக்கொள்வேன், வெங்காயம் நறுக்கினால் உயிர் போகும். கையுறை போட்டால் ஜெல்லின் அழுத்தம் தெரியாது என்று போட மாட்டேன். போட்டாலும் காலையில் போட்ட நைட்ரைல் ஜோடியோடு மாலைவரை இருப்பேன். இந்தப் பொருள் மெல்லிய நைட்ரைலைச் சில நிமிடங்களில் கடந்துவிடும், பட்டவுடன் மாற்ற வேண்டும். அந்தப் பெண் அரிக்கிறது என்று சொன்னபோது எந்த அரிப்பு என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். தெரிந்துதான் சோப்பைக் கேட்டேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹெமா என்ற மெத்தாக்ரிலேட் கலந்த நகப்பொருட்களைத் தொழில்முறைப் பயனுக்கு மட்டும் என்று 2021இல் கட்டுப்படுத்தினார்கள். 2025 செப்டம்பரிலிருந்து டி.பி.ஓ. என்ற ஒளித்தூண்டியை அழகுப்பொருட்களில் தடைசெய்துவிட்டார்கள். அது அலர்ஜிக்காக இல்லை, இனப்பெருக்கத்துக்குக் கேடு என்ற வகைப்பாட்டுக்காக. அந்தச் செய்தி போனில் சுற்றிய நாளிலிருந்து வருகிற ஒவ்வொருவரும், "உங்க ஜெல்லுல டி.பி.ஓ. இருக்கா?" என்று கேட்கிறார்கள். கேட்பது நல்லதுதான். ஜெல் தோலில் வழிந்ததைத் துடைத்தாயா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என்னைக் கேட்டால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.

வாடகை, போட்டி, பக்கத்துத் தெருவில் பாதி விலைக்குப் போடுகிற கடை என்று காரணம் அடுக்க என்னால் முடியும். உண்மை அது இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் கடை காலியாக இருக்கும்போதும் நான் ப்ரெப்பை ஐந்து நிமிடத்தில்தான் முடித்தேன். எனக்கு அந்த வேலை பிடிக்காது. செத்த தோலைச் சுரண்டுவதில் பெருமை ஒன்றும் இல்லை. உருண்டையை மிதக்கவிடுவதுதான் என் வித்தை, அதைக் காட்டத்தான் மேசைக்கே வந்தேன்.

இப்போது தண்ணீர் பேசின் கடையில் இல்லை. லேம்பும் ஜெல்லும் ஒரே நிறுவனத்தின் ஜோடி. நான்கு விரலை முதலில் வைத்து, கட்டைவிரல்களைத் தனியாக வைக்கிறேன், சேர்த்து வைத்தால் கட்டைவிரல் சாய்ந்துகொள்ளும், ஒளி ஒரு பக்கம்தான் படும். மெஷின் ஜெல்லைக் குறைக்க மட்டும், சொந்த நகத்தில் படுவதில்லை. ஒருவருக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது, விலையும் கூடிவிட்டது, பாதிப் பேர் போய்விட்டார்கள். ஜெல் தூக்குவது அநேகமாக நின்றுவிட்டது. இவ்வளவு எளிதாக நின்றதைப் பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை, வயிற்றைக் கலக்கியது. அத்தனை பேர் உடம்பும் ஒரே நாளில் குளிர்ந்துவிட்டதா என்ன?

பல் டாக்டரின் தங்கைக்குச் சிகிச்சைச் செலவைக் கொடுத்தேன், அக்கா வாங்கிக்கொண்டார். மற்றவர்களில் சிலருக்கு போன் செய்து உள்ளதைச் சொன்னேன். மெரூன் அடித்து அனுப்பிய பெண் சிரித்துவிட்டு, "அப்பவே எங்க மாமியார் கேட்டாங்கக்கா" என்றாள். வங்கி அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் நகம் தேறும்வரை ஜெல் வேண்டாம் என்று நிறுத்திவைத்தேன். "பரவாயில்லம்மா, நீ எவ்வளவு அக்கறையா சொல்ற" என்றார். அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. நான் வகுப்பும் எடுத்தேன். மிசோரமிலிருந்து வந்து இங்கே வேலை பார்த்த பெண்கள், திருப்பூர், திருச்சியிலிருந்து வந்து கற்றுக்கொண்டு போனவர்கள் எல்லோருக்கும் அபெக்ஸை எப்படித் திரட்டுவது என்று சொல்லிக்கொடுத்தபோது, ஜெல் பெயர்ந்தால் என்ன சொல்லிச் சமாளிப்பது என்பதையும் சொல்லிக்கொடுத்தேன். திருச்சிப் பெண் தில்லைநகரில் நன்றாகக் கடை நடத்துகிறாள். அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஊறவைப்பதை நிறுத்து, குழல் லேம்பைத் தூக்கிப் போடு, தோலில் பட்டதைத் துடைக்காமல் லேம்பில் வைக்காதே, கஸ்டமரிடம் சூடு என்று சொல்லாதே என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அக்கா, நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

"ஆமா. தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்."

"இப்ப சீசன்கா. புக்கிங் எல்லாம் வாங்கிட்டேன். ஒரு ஆளுக்கு ரெண்டரை மணி நேரம்னா எப்படி? வைகாசி முடியட்டும், மாத்திக்கறேன்."

சரி என்று வைத்துவிட்டேன். வைகாசி முடிந்து ஆடியும் போய்விட்டது. அவளை நான் திரும்பக் கூப்பிடவில்லை. மற்ற பெண்களில் ஒருத்தியைக்கூட இன்னும் கூப்பிடவில்லை.